காதுச் சோணை

இரவு ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது.
நுணுக்குக்காட்டியின் விளக்கு ஒருதரம் மங்கி
பிறகு நிதானித்தது.
துண்டில் தோல் கிளினிக் டொக்டரின் கோழிக்கிறுக்கல்:
யோகேஸ்காந், இருபத்துநாலு, சித்தாண்டி, மேசன்.
சீமெந்து வெந்து தோல் உரிந்ததாம், தெரியவில்லையாம்.

காதுச் சோணையில் கீறி எடுத்த சாறு.
சிவப்புச் சாயத்தில் ஆவி பறக்கச் சூடேற்றி,
அமிலத்தில் கழுவி, நீலத்தில் தோய்த்து,
ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக் குனிந்தேன்.
நீல வயல்.
அதில் சிவப்புக் குச்சிகள்,
சுருட்டுக் கட்டுப்போல் நெருங்கி, ஒன்றையொன்று பிடித்தபடி.

எந்த ஆய்வுகூடத் தட்டிலும் இது வளராது.
முட்டை வைத்தார்கள், இரத்தம் வைத்தார்கள், சீண்டவில்லை.
பாதி ஏடு கிழிந்த புத்தகம் இதன் பரம்பரை.
இரண்டாவதற்கே இரண்டு கிழமை எடுக்கும் சோம்பேறி.
இதற்கு வேண்டியதெல்லாம்
வேறொருவர் வீடு.

இதற்குப் பயந்துதான் வாவியில் வள்ளம் விட்டோம்.
மாந்தீவில் ஆட்களை இறக்கினோம்.
திரும்பும்போது வள்ளம் இலேசாக இருந்திருக்கும்.

முந்தாநாள் இரவு ஒரு கட்டுரை வாசித்தேன்.
ஆர்மடில்லோ என்றொரு பிராணி.
பார்வைக்கு நம் காட்டு அழுங்கு,
சொந்தம் ஒன்றும் இல்லை.
அதன் ஈரலுக்குள் குடிபோன இந்தக் கிருமி
ஈரலைத் தின்னவில்லை.
வளர்த்திருக்கிறது.
முதிர்ந்த கலத்தைப் பாதி வழி
அதன் பிள்ளைப் பருவத்துக்குக் கூட்டிப்போய்,
நீ இன்னும் முடிந்துவிடவில்லை என்று
ஏதோ ஒரு மொழியில் சொல்லி,
திரும்ப அனுப்பியிருக்கிறது.
வந்த கலங்கள் கட்டின:
குழாய் இருக்கவேண்டிய இடத்தில் குழாய்,
சோணைக்குப் பக்கத்தில் சோணை.
வடு இல்லை. கட்டி இல்லை.
தனக்கு இடம் காணாதென்று
அடுத்தவன் வீட்டுக்கு அறை கூட்டிய
குடியிருப்புக்காரன்.

(ஈரலுக்கும் சோணை, காதுக்கும் சோணை.
பள்ளிக்கூடத்தில் படித்தபோது
இதை யோசித்ததில்லை.)

மூன்றாம் மாடி, பதினோராம் கட்டில், என் தம்பி.
குகதாசன்.
கசிப்பு.
பதினேழு வருசம் குடித்ததை
ஈரல் ஒவ்வொரு நாளும் வடுவாக எழுதி வைத்திருக்கிறது,
இப்போது எழுத இடமில்லை.
காலையில் வயிற்றிலிருந்து ஐந்து லீட்டர் இறக்கினார்கள்.
பின்னேரம் இந்தக் கதையைச் சொன்னேன்.
மஞ்சள் கண்ணால் சிரித்தான்.
"அக்கா, அந்தக் கிருமில ஒரு சொட்டு எனக்கும் குத்திவிடன்.
விரல் போனாப் போகட்டும்.
மாந்தீவுக்கு நானே வள்ளம் வலிச்சுப் போறன்."

கிருமியை அல்லடா,
அது கலத்துக்குச் சொன்ன சொல்லைத்தான் தேடுகிறார்கள்.
இன்னும் அகப்படவில்லை.
அகப்பட்டு, மருந்தாகி, மனிதரில் பார்த்து,
கொழும்பு தாண்டி, ஓட்டமாவடி தாண்டி
இந்தக் கட்டிலுக்கு வர
எத்தனை வருசம் என்று அவன் கேட்கவில்லை.
நானும் கூட்டிப் பார்க்கவில்லை.

நூறு புலங்கள் எண்ணினேன்.
நாலு பிளஸ் என்று எழுதினேன்.
யோகேஸ்காந்துக்கு இனி
மாதம் ஓர் அட்டை மாத்திரை, காசில்லை.
கொஞ்ச நாளில் அவனிடமிருந்து எவருக்கும் தொற்றாது.
வருசம் திரும்ப, குச்சிகள் உடைந்து தூளாகும்,
தெரிந்ததை ஒருவருக்கும் சொல்லாமல்.
அப்படித்தான் ஆகவேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எண்ணெயைத் துடைத்து வில்லையை மூடினேன்.
லிப்ட் ஓடவில்லை. படியேறினேன்.
தம்பி நித்திரை.
போர்வைக்கு வெளியே அவன் காது,
மஞ்சள் பூசியதுபோல.
சோணையை விரலால் தொட்டேன்.

உடனே உணர்ந்து,
நுளம்பென்று நினைத்துத்
தட்டிவிட்டான்.