இழுப்பறை

திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனையில்
பதினாலாம் எண் அறை,
ஊசி போடும் இடத்துக்கும் கழிவறைக்கும் நடுவில்.
பலகையில் மனநல ஆலோசகர் என்றிருக்கிறது.
ஊசிக்கு வழி கேட்டுத்தான் பாதிப்பேர் எட்டிப் பார்க்கிறார்கள்.
சொல்லி அனுப்புகிறேன்.
சிலர் வழி கேட்டுவிட்டும் போகாமல் நிற்பார்கள்.
அவர்களுக்காகத்தான் எனக்குச் சம்பளம்.

வந்த முதல் வாரமே மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன்.
நடுவில் மேசை இருந்தால்
கடன் கேட்க வந்தவர்போல் உட்கார்கிறார்கள்.

அன்று நின்றவர் பக்கிரிசாமி என்று வைத்துக்கொள்வோம்,
இந்தப் பக்கம் நிறையப் பேருக்கு அந்தப் பெயர்.
கடைமடைக்காரர். மூன்று மா சொந்தம், ஒரு வேலி குத்தகை.
தை மழையில் கதிர் சாய்ந்து
படுத்த இடத்திலேயே முளைவிட்ட வருஷம்.
தூக்கமில்லை, மாத்திரை கிடைக்குமா என்றார்.
எத்தனை நாளாக என்றேன்.
ஈரம் அதிகமென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய
தேதியைச் சொன்னார்.

பிறகு மகள் நர்சிங் படிப்பது பற்றி,
வடுவூர் ஏரிக்கு வந்திறங்கிய பறவைகள் பற்றி.
வாய் பேசிக்கொண்டிருக்க
விரல்கள் மட்டும் வேட்டி ஓரத்தை முறுக்கியபடி இருந்தன.

கேட்டுவிட வேண்டும்.
எட்டு வருஷமாகக் கேட்கிறேன்,
இன்னும் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒருமுறை நாக்கு உலர்கிறது.
கேட்டால் இல்லாத நினைப்பை ஊன்றிவிடுவோம் என்று
என் கணவர்கூட நம்புகிறார்.
இல்லை.
அது ஏற்கெனவே உள்ளே ஆள் உயரத்துக்கு நிற்கிறது,
பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லாமல்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாய்யா?"

விசிறி கடகடத்தது.
பக்கத்து அறையில் ஒரு குழந்தை ஊசிக்கு அழுது முடித்து
மிட்டாய்க்கு அழத் தொடங்கியது.
வந்ததிலிருந்து முதல்முறையாக என்னைப் பார்த்தார்.
"வூட்ல எல்லாருக்கும் தெரியும்மா.
ஒரு ஆளுங்கூட கேக்கல."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில்
நான் பேசியது இருபது வார்த்தை இருக்காது.

அந்த அறையில் கடன் கரையவில்லை.
முளைத்த நெல் முளைத்ததுதான்.
கூட்டுறவு வங்கிக்குப் போன் போட்டதில்
மூன்று மாதத் தவணை கிடைத்தது, அவ்வளவே.
டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன்.
மகளின் எண்ணைச் சொன்னார், கடைசி இரண்டு இலக்கத்தில் தடுமாறி.

கிளம்பும்போது கேட்டேன்:
"கொட்டகைச் சாவி யாருகிட்ட?"
அரைஞாண் கயிற்றைத் தொட்டார்.
"கொஞ்ச நாளைக்கு வேற யாருகிட்டயாச்சும் இருக்கட்டுமே."
மச்சானோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
அண்டை வீட்டில் கொடுத்தால் ஏன் என்பார்கள்.
அவிழ்த்து என் கையில் வைத்தார்,
இடுப்புச் சூடு ஆறாத பித்தளை.

ஆலோசகர் சாவி வாங்கக் கூடாது என்று
எந்த விதியிலும் இல்லை. வாங்கலாம் என்றும் இல்லை.

இழுப்பறையில் இப்போது ஏழு.
பெயர் எழுதுவதில்லை, நூலின் நிறம் எனக்குத் தெரியும்.
எதன் சாவியென்று கேட்கக் கூடாது என்ற
முத்துப்பேட்டைப் பெண்ணுடையது பச்சை.
வெள்ளை நூல் மூன்று வருஷமாக இருக்கிறது.
அடுத்த வியாழன் வருகிறேன் என்றான் அந்தப் பையன்.
வியாழன் வந்தது.

மாதம் ஒருநாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி
எனக்கென்று இருக்கும் ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்து
அந்த வியாழனைப் பேசுகிறேன்.
அவளும் மேசையைச் சுவரோரம்தான் போட்டிருக்கிறாள்.

ஆடி பிறந்து கடைமடைக்குத் தண்ணீர் எட்டிய வாரம்
பக்கிரிசாமி வந்தார், சேறு காயாத காலோடு.
சாவியை எடுக்குமுன் மறுபடியும் கேட்டேன்,
அதே கேள்வி, அதே வார்த்தை.
யோசித்துச் சொன்னார்:
"இப்ப இல்ல. முந்தாநாள் ராத்திரி கொஞ்ச நேரம்."
என் கையிலிருந்த சாவியை வாங்கவில்லை.
"இவன்கிட்ட குடுங்க" என்று திரும்பி வாசலைப் பார்த்தார்.

கதவுக்கு வெளியே கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு
உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்ற மச்சான்
தலையை மட்டும் நீட்டி,
"ஊசி இங்கதான் போடுறாங்களா?" என்றார்.