சைலன்சர் கடையின் பின்னறை

வின்சரில், வயண்டாட் தெருவில்,
கார்களுக்கு சைலன்சர் மாற்றிக்கொண்டிருந்த கடை மூடியதும்
அதன் பின்னறையை நான் வாடகைக்கு எடுத்தேன்.
சத்தத்தை அடக்கிய இடத்தில் சத்தத்தைப் பிடிக்கிறேன் என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.
வெர்னா ஷ்ரீவ் சிரிக்கவில்லை.
பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டுக் கேட்டாள்:
"அந்த ஹீட்டர் என்ன சுருதி?"

சுவரோரத்துக் கிழட்டு ஹீட்டர்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துக்கொண்டு முனகும்.
எத்தனையோ நல்ல டேக்குகளைத் தின்று தீர்த்தது.
சாக்ஸபோனை எடுத்தாள். ஒருமுறை தேடினாள்.
இரண்டாம் முறை அதன் பக்கத்திலேயே போய் நின்றாள்.
"பி ஃபிளாட். கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
நாம் இறங்கிப் போவோம். அது ஏறி வராது."

முப்பத்தொரு வருடம்
ஆற்றுக்கு அந்தப் பக்கம், டெட்ராய்ட்டில், வியாழக்கிழமைகளில்
பதினேழு பேருக்கு வாசித்தவள்.
ஒன்பது பேர் கண்ணை மூடிக் கேட்பார்கள்.
மற்றவர்கள் கோழி இறக்கையைக் கடிப்பார்கள்.
அந்த ஒன்பதில் ஒருவர்தான்
ஆல்பம் வந்த வாரம் பத்திரிகையில் எழுதினார்:
பாதி ஜாஸ், பாதி சோல், மேலே கொஞ்சம் பாப் தூவல்,
ஷ்ரீவ் கடையை மாற்றிவிட்டார், என்று.

நான் அங்கே இருந்தேன்.
யாரும் எதையும் தூவவில்லை.
ஜனீன் டங்கி பேருந்து ஓட்டிவிட்டுச் சீருடையோடு வருவாள்,
தொப்பியைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டுவாள்,
பாட ஆரம்பித்தால்
ஞாயிற்றுக்கிழமை திருச்சபையில் பின்பெஞ்சுவரை எட்டுகிற குரல்,
அதை உள்ளங்கையளவு சுருக்கி
ஒரே ஒருவரிடம் கடன் கேட்பதுபோல் பாடுவாள்.
வெர்னா அவள் வரிகளுக்கு நடுவே
இரண்டு சுரம், மூன்று சுரம்,
சரி சரி என்று தலையாட்டுகிற அளவுக்கு மட்டும்.

ஐந்தாவது பாட்டில் அப்படி இல்லை.
பனிப்புயல் இரவு. பாலத்தை மூடிவிட்டார்கள்.
டிரம்மர் டெட்ராய்ட்டுக்குத் திரும்ப முடியாமல்
கோட்டைப் போட்டுக்கொண்டே வாசித்தான்.
இரண்டாம் பல்லவி முடிந்ததும் வெர்னா மூச்சை இழுத்தாள்,
பிறகு பதினொரு நிமிடம் நிறுத்தவில்லை.
என் கை ஃபேடரில் இருந்தது. அசைக்கத் தோன்றவில்லை.
நடுவில் ஹீட்டர் விழித்தது,
அவள் அதையும் கூட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை இரண்டு காபியோடு வந்தாள்.
"எடுத்துவிடு."
எவ்வளவு?
"எல்லாம். மூச்சு மட்டும் இருக்கட்டும்.
அதற்குப் பிறகு நான்கு பார் வெறும் டிரம்.
பிறகு பல்லவி."
மணிக்கணக்குக்குக் காசு தருபவர்களோடு
நான் வாதாடியதே கிடையாது.
அன்று காபி ஆறும்வரை வாதாடினேன்.
அவள் ஜனீனைக் காட்டினாள்:
"பதினொரு நிமிடத்தில் இவள் வண்டிக்குப் பதினான்கு நிறுத்தம்.
நடுவில் ஏறுகிறவனுக்கும் பாட்டு கிடைக்க வேண்டாமா?"

வெட்டினேன்.
அழிக்கச் சொன்னாளா என்று ஞாபகமில்லை.
அழிக்கவில்லை.

(அந்த விமர்சகர் பாராட்டிய ஒரே விஷயம்
அடியில் ஓடும் சின்தசைசர். அது ஹீட்டர்.)

ஏப்ரலில், டெகம்சே சாலைச் சலவைக்கடையில்
கூரை ஸ்பீக்கரிலிருந்து ஐந்தாவது பாட்டு.
மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண்ணும்
அவள் இடுப்பளவு உயரப் பையனும்
படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து
ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துகொண்டிருந்தார்கள்.
வெர்னாவின் மூச்சு வந்தது.
அந்தப் பெண்ணும் மூச்சை இழுத்தாள்.
விரிப்பு நடுவில் தொங்கியபடி நின்றது,
நான்கு பார்.
பல்லவி வந்ததும் மடித்தார்கள்.
பையன் தவறான வார்த்தைகளோடு பாடினான்.

எனக்கு அவர்களிடம் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது.
என் காலுறைகள் இன்னும் ஈரம்.
சில்லறை தேடினேன்.