ஐலிஃபின் தும்மல்

வார்டோவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மீன் ஆலையிலிருந்து இரண்டு தெர்மோகோல் பெட்டி,
ஒன்றுக்குள் ஒன்று.
இடைவெளியில் கிழிந்த பாய்மரத் துணி.
வாசல் ஒரு சாண்,
கடலுக்கு முதுகு காட்டி.

கம்பளி வேண்டாம் என்றான் ஐலிஃப்,
ஈரத்தைக் குடித்து உறைந்துபோகுமாம்.
வைக்கோல்தான்.
அதற்கு ஆட்டுக்காரியிடம்
ஒரு வாளி காட் தலை கொடுத்தான்.

பூனை வீட்டுக்குள் வந்தால்
இவன் நெஞ்சு விசிலடிக்கும்.
அதனால்தான் இத்தனை பாடு.

நடுராத்திரியில் எழுந்து போவான்.
டார்ச் அடித்தால் மிரளும் என்று
இருட்டில் மண்டியிட்டு
தோள்வரை கையை விட்டுத் துழாவுவான்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
நான் எண்ணுவேன்.
மூன்று தும்மல் என்றால்
உள்ளேதான் இருக்கிறது;
விளக்கை அணைத்துவிடலாம்.

இன்று வெகுநேரமாகச் சத்தமே இல்லை.
என் பூட்ஸில் ஒன்றைக் காணோம்.