கயிற்றின் அளவு

வரைபடத்தில் அது நீள்வட்டம்.
நடுவே நீரூற்று,
வாலை வளைத்த நான்கு ஓங்கல்கள்.
குடிதண்ணீர் லாரி
வாரத்தில் ஒருநாள் வந்து ஹாரன் அடிக்கும் ஊருக்கு.

நிரஞ்சனா மேடத்தைக் குறை சொல்லவில்லை.
லிஸ்பனில் படித்தவர்.
கொண்டல்பட்டினத்துக் கோயில் முகப்பைப்
பார்த்த முதல் நாளில்
தொப்பியைக் கழற்றிவிட்டு வெயிலிலேயே நின்றார்.
பவளக்கல், சிப்பிச் சுண்ணாம்பு,
முறுக்குப் பிழிந்ததுபோல் தூண்கள்,
மூக்கு போன சம்மனசு ஒன்று, இன்னும் கொம்பு ஊதியபடி.
மேல் சன்னலில்
நீலம் அடித்திருக்கிறதா என்று கேட்டார்.
இல்லை, அது வானம்.
முகப்புக்குப் பின்னால் கோயில் கிடையாது.
புயல் உடம்பை எடுத்துக்கொண்டு
முகத்தை விட்டுப் போயிருந்தது.

என் வேலை அளப்பது.
தாலுகா அலுவலகத்தில் பழைய படம் இல்லை,
பங்குப் புத்தகத்தில் ஞானஸ்நானங்கள் மட்டும்.
மணலைத் தோண்டி
பழைய எல்லைக்கல் ஏழு கண்டெடுத்தோம்.
படிக்கட்டிலிருந்து ஐஸ் பேக்டரி சுவர் வரை
எண்பத்து மூன்று மீட்டர், நாற்பது சென்டிமீட்டர்.
அடியில் சரியாக வரவில்லை, கஜத்திலும் வரவில்லை,
போர்த்துகீசியக் கோலிலும் வரவில்லை.
போதாக்குறைக்கு, கோணல்.
முகப்புக்கு நேராக நிற்காமல்
வடகிழக்கே ஒரு பக்கம் சாய்ந்த சதுக்கம்.
கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை
என்று குறிப்பில் எழுதினேன்.

"கரைவலைக் கயிறு அது," என்றாள் சவேரியாள்,
நண்டின் கால்களை ஒடித்துக்கொண்டே,
யாரும் அவளைக் கேட்காதபோது.
"நாலா மடிச்சுப் போட்டா இம்புட்டுத்தான் வரும்.
கொண்டக்காத்துக்கு நேரா போட்டாத்தான் காயும்.
கோணலாம்ல, கோணல்."

மேடம் அன்று இரவு உறங்கவில்லை.
விடுதி மேசையில்
நீள்வட்டத்தை அழித்த ரப்பர் துகள்கள்
விடியும்வரை மின்விசிறிக் காற்றில் ஓடின.

இன்னொன்றையும் நான்தான் சொன்னேன்.
மணிக்கூண்டு விழுந்து பதினான்கு மாதம்.
ஏலத்துக்கு வரும் பெண்கள்
மூன்று மணிக்கு இன்னமும்
அதன் நிழல் விழுந்த இடத்தில்தான்
வரிசையாக உட்காருகிறார்கள்,
முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு,
கொதிக்கும் மணலில்,
இல்லாத ஒரு கோபுரத்தின் நீளத்துக்கு.

கூண்டுக்கு நிதி இல்லை.
கருங்கல் பாவினால் பாதம் வெந்துவிடும் என்று
பெண்கள் மனுக் கொடுத்தார்கள்.
அந்த நீளத்துக்கு மட்டும் ஒரு கூரை,
சீனி இபுராகிம் பழைய தகடு தருவதாகச் சொன்னார்,
மேடம் ஓடுதான் வேண்டும் என்றார்,
அதற்கே எட்டு மாதம் கோப்பு நகர்ந்தது.
மற்ற இடமெல்லாம் மணல்.
"மணல் விரித்தல்" என்று எஸ்டிமேட்டில் எழுதினேன்,
தணிக்கையாளர் சிவப்பு மையில்
ஏற்கனவே இருக்கிறதே என்று கேட்டார்.

ஓங்கல்களை நீக்க முடியவில்லை.
ஒப்புதல் ஆன இனம்.
வைக்கோலில் சுற்றி லாரியில் வந்தன.
இறக்கிய மிக்கேல் தடவிப் பார்த்து
சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டான்:
உடம்பெல்லாம் செதில்.
"ஓங்கலுக்கு ஏதுய்யா செதில்?
செதுக்குனவன் கடலை எங்க பார்த்தான்?"
ஐரோப்பாவில் அப்படித்தான் செதுக்குவார்கள்
என்றார் மேடம், சன்னமாக,
பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.
இப்போது தண்ணீரில்லாத தொட்டியைச் சுற்றி
நாலும் வாய் பிளந்து நிற்கின்றன.
ஒன்றின் வாலில் யாரோ தராசு மாட்டியிருக்கிறார்கள்.

திறப்பு விழா முடிந்த மறுநாள்
கயிறு விரித்தார்கள்.
படியிலிருந்து சுவர் வரை, நாலு மடிப்பு.
டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
ஒரு முழம் குறைந்தது.
ஏழு கல்லையும் மறுபடி சரிபார்த்தேன்.
என் நெஞ்சு அடித்துக்கொண்டது.
சவேரியாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை:

"நனைஞ்சு கெடக்குல்ல.
சாயந்தரமா வந்து அளங்க."