பேலியகொட நுழைவாயில்

காலி வீதி என்று பெயர்.
காலியாக ஒருநாளும் நான் கண்டதில்லை.
நூறாம் இலக்க பஸ் பக்கக் கண்ணாடியை உரசிப் போகும்,
வெள்ளவத்தைச் சந்தையடியில்
மீன்பெட்டியோடு ஒருவன் குறுக்கே இறங்குவான்,
ஓட்டோக்காரன் இடப்பக்கம் கையைக் காட்டி
வலப்பக்கம் திரும்புவான்.
ஏச வேண்டியவனை ஏசிவிட்டு
அடுத்த கியரைப் போடுவேன்.
அங்கே எனக்குப் பயமில்லை.

கட்டுநாயக்க அதிவேகப் பாதைதான்.
அதில் யாருமே குறுக்கே வருவதில்லை.

முதல்முறை போனபோது
சீட்டுத் தரும் கூண்டுக்கு முன்னால்
வயிறு கலங்கி நின்றுவிட்டேன்.
பின்னால் ஏழு வாகனம் ஹோர்ன் அடித்தது.
பொலிஸ்காரர் வந்து கூம்புகளை நகர்த்தி
வரம்பு மாறிய மாட்டைத் திருப்புவதுபோல
என்னைத் திருப்பி அனுப்பினார்.
வத்தளை, கந்தானை, ஜா-எல என்று
ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நன்றி சொல்லிக்கொண்டு
பழைய வீதியால் போய்ச் சேர்ந்தேன்.
மஸ்கட்டிலிருந்து வந்த தங்கை சுகந்தினி
தள்ளுவண்டியில் தலைசாய்த்துத் தூங்கியிருந்தாள்.

இரண்டாம் முறை மச்சான் தயாபரன் பக்கத்தில்.
"நேரே பார், நேரே பார்" என்றார்.
நேரே பார்க்கத்தான் பயமாக இருந்தது.
நேரே ஒன்றுமில்லை.

பிழை திருத்துவது என் வேலை.
ஏழாம் ஆண்டுப் புவியியல் தாள்களுக்கு நடுவில்
இதையும் யோசித்துப் பார்த்தேன்.
அச்சம் என்பதில் மகரத்தை வெட்டி
ஓர் உகரம் போட்டால் அச்சு ஆகிவிடும்,
சில்லைத் தாங்குகிற அச்சு.
தாளில்.

நான் கார் பழகிய காலத்தில்
கொழும்பில் வீதி என்றால் நிற்பது.
உள்விளக்கைப் போடு. கண்ணாடியை இறக்கு.
அடையாள அட்டை. எங்கே போகிறாய். ஏன் போகிறாய்.
டிக்கியைத் திற.
டிக்கியில் ஒரு குடையும் இரண்டு தேங்காயும்.
தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே வளைந்து வெளியேறி
மூன்றாம் கியர் போடுவதற்குள்
அடுத்த பீப்பாய் தெரியும்.
பிறகு சாவடிகளை எடுத்துவிட்டார்கள்.
என் வலது காலிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் முறை போயா நாள், காலை ஆறரை.
ஏற்றிவர ஒருவருமில்லை,
யாருக்கும் சொல்லவுமில்லை.
கூண்டிலிருந்த பிள்ளை தந்த சீட்டு
உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.
பல்லில் கவ்விக்கொண்டு புறப்பட்டேன்.

ஐம்பது.
கொள்கலன் லொறி ஒன்று கடந்துபோக
கார் ஒருதரம் ஆடி அடங்கியது.
அறுபது.
இரண்டு பக்கமும் சதுப்பு.
கம்பமொன்றில் நீர்க்காகம் சிறகைக் காயவிட்டிருந்தது.
இல்லாத பீப்பாய்க்கு வேகம் குறைத்தேன்.
இன்னொன்றுக்கும் குறைத்தேன்.
கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், அட்டை இருந்தது.
மூன்றாவது பீப்பாயின் ஊடாகவே கார் போனது.
ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பச்சைப் பலகை வந்தது.
மூன்று மொழி, நடுவரி என்னுடையது.
"வெளியேரும் வழி."
"எந்த மடையன் இதைப் பார்த்து விட்டவன்?
றகரம் தெரியாதா?" என்று
தனியாக இருந்து உரக்க ஏசினேன்.
ஏசி முடித்துத்தான் முள்ளைப் பார்த்தேன்.
எண்பத்தைந்து.

கட்டணக் கூண்டில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன்.
"மாறு சல்லி நெத்த, மிஸ்?"
அவ்வளவுதான் கேட்டான்.
எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை,
கேட்டிருந்தால் சொல்ல
என்னிடம் பதிலும் இல்லை.

விமான நிலையச் சந்தியில் காரை ஓரங்கட்டி
ஒரு பிளேன்டீ குடித்தேன்.
முழங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது,
நடுங்கட்டும்.
திரும்பும் பக்கத்திலும் ஒரு பலகை இருக்கும்.
அதையும் பார்க்க வேண்டும்.