முளை

மார்ச் மாதம். ஹெக்ஸமில் இன்னும் பனி.
அஞ்சலில் வந்தது லெனர்ட் சார்ல்டனின் கைப்பிரதி:
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
பேசும் எருது ஒன்று, உப்புத் திருடன் ஒருவன்,
வரைபடத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஆறுகள்.
பதினோரு படம் வேண்டும் என்றார் பதிப்பாளர்.
கூடவே ஆசிரியரின் குறிப்பு, சிவப்பு மையில்:
"எருது எருதுதான்.
வேறு யாரும் அல்ல."

போரில் பாதிரியாராக இருந்தவராம்.
இத்தாலியில் ஒரு பாலத்தருகே
ஒரே நாளில் நாற்பது பேரைப் புதைத்துவிட்டு
வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் கழற்றிப்
பெட்டியில் போட்டவர், பிறகு எடுக்கவில்லை.
இப்போது பள்ளியில் பூகோளம் நடத்துகிறார்.

ஏழாம் அத்தியாயம்.
ஒரு பிடி உப்புக்காக, கடல் ஏறும் திட்டில்
கம்பத்தோடு கட்டப்படவிருந்த சிறுவனின் இடத்தில்
எருது போய் நிற்கிறது.
ஒரு சொல் பேசவில்லை,
ஆறு அத்தியாயமாக ஓயாமல் வளவளத்த எருது.
அதன்பின் "மூன்றாம் நாள் காலை" என்று தட்டச்சு.
அதை அடித்து, கையால்: நான்காம் நாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
நான்காம் நாள் கல்லறையைவிட்டுக்
கட்டுத்துணியோடு நடந்து வந்தவனைப் பற்றி
ஞாயிறு பள்ளியில் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்.
பாவம் மனிதர்,
ஒரு கதவைச் சாத்திவிட்டு
அடுத்த கதவின் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார்.

எனக்குக் கோயில் விட்டுப்போய் வெகுநாள்.
மாதிரிக்குப் பக்கத்துப் பண்ணைக்குப் போனேன்.
ராப்சன் வீட்டு எருது, பெயர் கேப்டன்,
சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்தது
வாடகை பாக்கி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல.
விலா வரிகள், கழுத்து மடிப்பு, வாலில் காய்ந்த சாணம்
எல்லாம் பென்சிலில் எடுத்துக்கொண்டேன்.

பாக்ஸ் மரக்கட்டையில் ஒன்பது நாள்.
செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு,
வெட்டியது வெட்டியதுதான்.
என் தொழிலில் உள்ள இறையியல் அவ்வளவே.
முதல் தாளை உரித்துப் பார்த்தபோது
வலது விலாவில், வாற்கோதுமை அளவில்,
ஒரு வெள்ளைக் கீறல்.
கதையில் கயிறும் அலையும்தான், ஈட்டி கிடையாது.
பென்சில் படத்திலும் இல்லை.
கேப்டனிடமும் இல்லை, மறுபடி போய்ப் பார்த்தேன்.

ஆசிரியரிடமிருந்து தந்தி: காயத்தை எடுக்கவும்.

மரத்தில் எடுப்பது என்றால்
காயத்தை முதலில் பெரிதாக்க வேண்டும்.
துளையிட்டேன்.
சுண்டுவிரல் நுனியை உள்ளே விட்டேன்,
சந்தேகத்தால் அல்ல, ஆழம் பார்க்க.
பிறகு அதே மரத்தில் சீவிய முளை,
கொஞ்சம் பசை, சின்னச் சுத்தியலால் நாலைந்து அடி.
முளையின் தலையில் ரோமம் செதுக்கினேன்.
மறைந்தது.
புத்தகம் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் அச்சில்
முளை காய்ந்து சுருங்கியிருந்தது.
சுற்றிலும் மயிரிழை வெளிச்சம்.
கார்லைலிலிருந்து மாவிஸ் என்ற சிறுமி, வயது ஒன்பது,
எனக்கு எழுதினாள்:
"எருதுக்குள் யார் விளக்கு வைத்தது?"

கடிதத்தைச் சார்ல்டனுக்கு அனுப்பிவைத்தேன்.
ஒரு மாதம் மௌனம். பிறகு ஓர் அஞ்சலட்டை:
"மரம் காய்ந்தது என்று எழுதுங்கள். அதுதான் உண்மை."
கையெழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி,
படிக்க முடியாதபடி அடித்திருந்தார்.

அப்படியே எழுதினேன்: மரம் காய்ந்தது.

சரி என்று பதில் போட்டாள் மாவிஸ்.
அவள் தம்பிக்கு இன்னும் எழுத்துத் தெரியாதாம்.
தினமும் படுக்குமுன் அந்த இடத்தில்
விரலை வைத்துத் தேய்ப்பானாம்,
தாள் நைந்து இப்போது ஓட்டையாம்,
அதன் வழியே அடுத்த பக்கத்தின்
ஒரு சொல் தெரிகிறதாம்.

எந்தச் சொல் என்று எழுதவில்லை.
என் பிரதி அலமாரியில்தான் இருக்கிறது.