பிசிறு

முதல் வாரம் யாரிடமும் சொல்லவில்லை.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு அனுப்பினார்கள்,
ஆப்பரேசனுக்கு முறை வரும்வரை.
மூன்று மாதம் என்றார் டொக்டர்,
நாட்காட்டியைப் பார்க்காமல்.
தொடையில் ஒரு பை.
நடந்தால் அரை அடி பின்னால்
எனக்கே கேட்கும் ஒரு குளக்.

எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு
நூற்றுப் பன்னிரண்டு படி.
இந்தக் குழாயை வரைந்தவன் படி இறங்கியதில்லை.
குந்தியதில்லை.
விடிய நாலரைக்கு, தகரத்தில் பனி சொட்டும்போது,
கம்பளிக்கு வெளியே கை நீட்டி
அந்தச் சின்னத் திருகைத் தேடியதில்லை.
குளிரில் ரப்பர் விறைக்கும்.
விறைத்த ரப்பர் உள்ளே பேசுகிற வார்த்தையை
இங்கே எழுத முடியாது.

நான் பெக்டரியில் பிட்டர். இருபத்தாறு வருசம்.
எந்தக் குழாய் எங்கே மடியும் என்று
பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்.
இது மடிவது தொடை இடுக்கில், இரண்டு விரல்கடை தள்ளி.
மடிந்தால் நீர் நிற்கும், நின்றால் அடிவயிறு கல்.
உள்ளே ஒரு சுருள்கம்பி விட்டால் போதுமே என்று நினைத்தேன்.
பிறகு, கம்பியா, அங்கேயா என்று
தனியே இருந்து சிரித்தேன்.
அந்த மாதம் சிரித்தது அது ஒன்றுதான்.

குழாய் மாற்றும் நாளில் கேட்டேன்:
"உள்ள இருக்கிற நுனி எப்படி இருக்கும், மிஸ்ஸி?"
புஷ்பகாந்தி மிஸ்ஸி சிரிக்கவில்லை.
திகதி முடிந்த பொட்டலம் ஒன்றை எடுத்து
"கொண்டு போய்ப் பாருங்க.
யாருக்கும் போட்டுறாதீங்க" என்றாள்.

பிசிறு பார்க்க விரல் போதாது.
எண்ணெய் ஊறிய விரல் பொய் சொல்லும்.
நாக்குதான் கடைசி அளவுகோல்,
கண்ணுக்கு இல்லாதது நாக்குக்கு மலை.
கதவைச் சாத்திவிட்டு
நுனிக்குப் பக்கத்து ஓட்டையை நாக்கால் தொட்டேன்.
இருந்தது.
துளைத்த ஊசி வெளியேறிய இடத்தில்,
கீழ் உதட்டில்,
ஒரு மயிர்க்கனம்.

மச்சான் முத்துராக்கு தெரணியகலையில் பால் வெட்டுகிறவன்.
கத்தி பட்டையோடு நின்றுவிட வேண்டும்,
மரத்தின் சதையைத் தொட்டால்
அன்றைக்கு அரைப்பேர்தான் என்பான்.
மரத்துக்கு இருக்கிற சட்டம்
அதன் பால் மனுசனுக்குள் போகையில்
எந்த இடத்தில் இறங்கிக்கொண்டது?

செக்ரோல் தாளின் பின்பக்கம் வரைந்தேன்.
ஓட்டையின் விளிம்பை உள்ளும் புறமும் உருட்டி,
மடியும் இடத்தில் மட்டும் சுவரைத் தடிப்பாக்கி.
திருகு வேண்டாம்,
ஒரு கையால் அமுக்கினால் திறக்க வேண்டும்,
மற்றக் கை சுவரைப் பிடித்திருக்கும், அது உங்களுக்குத் தெரியாது,
என்று ஓரத்தில் எழுதினேன்.
நைசான எமரித் தாளைச் சுருட்டி
அந்த ஒன்றை ஒரு மணிநேரம் தேய்த்தும் வைத்தேன்.
நாக்குக்கு வெண்ணெய்.

"இதை நான் போட மாட்டேன்" என்றாள் மிஸ்ஸி.
"வழுவழுன்னுதான் இருக்கு. கிருமியும் இருக்கும்."
சரிதான். எனக்குக் கோபம்தான், ஆனாலும் சரிதான்.
படத்தை மட்டும் வாங்கி
சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி
கொழும்புக்கு அனுப்பினாள்.
பதில் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு
பொட்டலத்தைப் பிரிக்குமுன்
பத்து நிமிடம் தன் சுவெட்டருக்குள் வைத்துக்கொள்கிறாள்.
பை கட்டும் ரப்பர் பட்டியை எறிந்துவிட்டு
பனியன் துணி கிழித்து வைத்திருக்கிறாள்.
தொடையில் ஒரு வளைவு விட்டு பிளாஸ்டர் ஒட்டுகிறாள்,
இருமினால் இழுக்காது.

எனக்கு வெட்டித் தைத்து முடிந்தது.
மருந்து எடுக்கப் போன நாளில் ஏழாம் கட்டிலில்
கவ்வாத்துக்கார ஒண்டிவீரன், போர்வை கழுத்துவரை,
முகம் சுவர்ப் பக்கம்.
நலமா என்று நான் கேட்கவில்லை.

"குத்துதா?" என்றேன்.
சுவர்.
"வலப் பக்கமா, இடப் பக்கமா?"

மெதுவாகத் திரும்பினான்.